ஒன்பது என்று சொல்

என் தம்பியின் இரத்தத்தில் இல்லாதது ஒன்பதாம் உறைதல் காரணி. டொக்டர்மார் ‘ஃபக்டர் நைன்’ என்பார்கள். எங்கள் வீட்டில் அது வெறும் ஒன்பது. ஹீமோபீலியா என்ற பெயர் அம்மாவின் வாய்க்குள் நுழையக் கனகாலம் எடுத்தது. ஆனால் அந்த எண்ணை அவர் ஒருநாளும் பிசகியதில்லை. எந்த ஆஸ்பத்திரி வாசலில் ஏறினாலும், தம்பியின் பெயரைச் சொல்லுமுன் இதைத்தான் சொல்வார்: “மிஸ்ஸி, இவனுக்கு ஒன்பது. எட்டு இல்ல.”

ஓடிக்கொண்டு திரியும் தாதிமாரில் சிலருக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். அம்மா விடமாட்டார். காரணம் இருந்தது.

இரத்தம் உறைவதென்பது ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட என்று தொடரும் வேலை. எட்டாவது இல்லாவிட்டால் ஏ வகை ஹீமோபீலியா, ஒன்பதாவது இல்லாவிட்டால் பி வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே முழங்கால் வீக்கம், அதே கண்டல், அதே நிற்காத இரத்தம். 1952 ஆம் ஆண்டில் ரோஸ்மேரி பிக்ஸும் அவருடைய ஒக்ஸ்போர்ட் குழுவினரும் ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்ற ஐந்து வயதுப் பையனின் இரத்தத்தை ஆராய்ந்து, பி வகையைத் தனி நோயாக விவரித்து, அந்தப் பையனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறக்கும் ஆண்பிள்ளைகளில் ஏ வகை ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. பி வகை 25,000 முதல் 30,000 பேரில் ஒருவருக்குத்தான். அதனால் ஹீமோபீலியா என்றதும் வைத்தியசாலையில் யாருக்கும் முதலில் நினைவு வருவது எட்டு.

ஒருமுறை மாமி வீட்டுக்குப் போன இடத்தில் தம்பி விழுந்து தொடை வீங்கிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இரவில் கொண்டு ஓடினோம். இரத்த வங்கியிலிருந்து கிரையோ வந்து, தூக்கிக் கட்டவும் ஆயத்தமாகிவிட்டார்கள். கிரையோ என்பது உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல இளகவிடும்போது அடியில் தங்கும் படிவு. 1960களில் அமெரிக்காவில் ஜூடித் பூல் கண்டுபிடித்தது அது. எட்டு இல்லாத எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குள் ஒன்பது இல்லை. அன்றைக்கு அம்மா கட்டிலுக்கும் அந்தப் பைக்கும் நடுவில் நின்றுகொண்டு, “ஐயா, ஒருக்கா இரத்த வங்கிக்குப் போன் பண்ணிக் கேளுங்கோ” என்றார். அந்த இளம் டொக்டர் கேட்டார். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் பையை மாற்றி பிளாஸ்மா போடச் சொன்னார். மருந்தில் பிழை இருக்கவில்லை. பிழையான பிள்ளைக்கு வந்த சரியான மருந்து அது. அதனால்தான் இந்த நோயில் பாதுகாப்பு என்பது ஊசி குத்தும் இடத்தில் தொடங்குவதில்லை, அதற்கு முன்பே தொடங்குகிறது என்று நான் சொல்வேன்.

நாங்கள் படுவான்கரை ஆட்கள். வாவியின் மேற்குக் கரை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் மணியோசை கேட்கும் தூரத்தில் எங்கள் வளவு. அந்தப் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. அப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைகள் அம்மாவின் குடி. கோயிலில் யாருக்கு எந்த உரிமை என்பதும், யாரை யார் கட்டலாம் என்பதும் அதை வைத்துத்தான். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. அப்படியான ஊரில், ‘இது தாய்வழியாக வரும் நோய்’ என்று டொக்டர் சொன்னால் ஊர் அதை எந்தக் காதால் கேட்கும்? அம்மாவின் தம்பி ஒருவர் சிறுவயதிலேயே, பாற்பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்காமல் இறந்தவர். அந்தக் கதையைத் தோண்டி எடுத்தார்கள். குடிச் சாபம் என்றார்கள். கண்ணகை அம்மனுக்கு வைத்த நேர்த்தி தவறிப்போனது என்றார்கள். அம்மா குளிர்த்திச் சடங்குக்குப் போவதையே சில வருடம் நிறுத்தினார்.

உண்மை இவ்வளவுதான். காரணிக்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அந்த நிறமூர்த்தம் தாயிடமிருந்துதான் வரும். பழுதான மரபணுவைக் காவும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைக் காவுவதற்கும் பாதிக்குப் பாதி. நோயுள்ள ஆணின் மகன்களுக்கு அது வராது. மகள்மார் எல்லோரும் காவுவார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது, புதிதாக நேர்ந்த மாற்றம். இதை ஒரு மருத்துவர் அப்பாவை இருத்திவைத்து, கடுதாசியில் கோடு கீறி விளக்கினார். அதற்குப் பிறகு அப்பா தன் பக்கத்துச் சொந்தக்காரர் யாரையும் அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல விடவில்லை. அந்தக் கடுதாசி ஒரு மருந்துக்குச் சமம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

தம்பிக்கு முதல் தடுப்பூசி போட்ட அன்றே தொடை கல்லாகிவிட்டது. தவழத் தொடங்கியதும் முழங்கால்களில் நீலம். நோயைக் கண்டுபிடிக்க இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஒன்பது ஒரு வீதத்துக்கும் குறைவு என்று அறிக்கை வந்தது. சாதாரண ஆளுக்கு அது 50 வீதத்துக்கு மேல் இருக்கும். ஒரு வீதத்துக்குக் கீழே என்றால் கடும் வகை, விழாமலே மூட்டுக்குள் இரத்தம் கசியும்.

கசிவு தொடங்குவது வெளியில் தெரியாது. அவனுக்குத்தான் முதலில் தெரியும். “அக்கா, முழங்காலுக்குள்ள ஏதோ ஊருது” என்பான். தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். வீக்கமில்லை, நோவுமில்லை. மருந்து போட வேண்டிய நேரம் அதுதான். இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டால் மறுநாள் நடப்பான். வீங்கும்வரை பார்த்திருந்தால் வாரக்கணக்கில் கட்டிலில்தான். மூட்டுக்குள் திரும்பத் திரும்பத் தேங்கும் இரத்தத்தின் இரும்பு, குருத்தெலும்பையும் மூட்டின் உள்ளுறையையும் அரித்துவிடும். ஊரில் நல்லெண்ணத்தோடு முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டி எண்ணெய் போட்டு உருவச் சொன்னார்கள். உருவினால் கசிவு கூடும். அந்த விஷயத்திலும் அம்மா யாருக்கும் மசியவில்லை.

ஆனால் இரண்டு மணித்தியாலம் என்பது படுவான்கரையில் எங்களிடம் இருக்கவில்லை. மண்முனையில் அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பொழுதுபட்டால் அதுவும் இல்லை. வலையிறவுப் பாலத்தால் சுற்றிப் போகலாமென்றால் சோதனைச் சாவடி. விடியும்வரை தம்பியின் காலைத் தலையணையில் உயர்த்திவைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு இருப்போம். ஐஸ் கிடைக்காத நாளில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி. காலையில் முதல் பாதையில் மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி. பிளாஸ்மா ஏற மணிக்கணக்காகும். அவ்வளவு திரவத்தைச் சின்ன உடம்பு தாங்க வேண்டும் என்பதால் வேகமாகவும் விட முடியாது. அவ்வளவு ஏற்றியும் ஒன்பது 15, 20 வீதத்தைத் தாண்டுவது அரிது. அவனுடைய இடது முழங்கால் இன்று முழுதாக நிமிராது. அது அந்த இரவுகளின் கணக்கு.

தூள் மருந்தை நாங்கள் கண்டது போர்நிறுத்த காலத்தில், கொழும்புக்குக் கிளினிக் போய்வரத் தொடங்கிய பிறகு. சுண்டுவிரலளவு குப்பியில் வெள்ளைத் தூள். ஒரு வார்ட் பிளாஸ்மாவை ஏற்றினாலும் கிடைக்காத ஒன்பது அதற்குள் இருந்தது. கணக்கும் எளிது. உடம்பு நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் ஒன்பது போட்டால் அளவு ஒரு வீதம் ஏறும். எட்டு என்றால் இரண்டு வீதம். தம்பி அப்போது 30 கிலோ. 40 வீதத்துக்கு ஏற்ற 1,200 யூனிட். எட்டாம் காரணி 8 முதல் 12 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். ஒன்பது ஒரு நாளளவு நிற்கும். அதனால் எட்டுக்காரருக்கு ஒரு நாளில் இரண்டு தடவை போட நேர்ந்தால் தம்பிக்கு ஒருதடவை போதும். இப்படி ஒரு நல்லதும் ஒன்பதில் இருக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

ஆனால் வீட்டுக்குத் தரவில்லை. அதில் கொழும்புக் கிளினிக் மருத்துவர் உறுதியாக இருந்தார். கடும் பி வகையில் சிலரின் உடம்பு, போடும் ஒன்பதையே அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். இன்ஹிபிற்றர் என்பது அது. அப்படி உண்டாகும்போது மருந்து வேலை செய்யாமல் போவது மட்டுமல்ல, கடும் ஒவ்வாமையும் வரலாம். மூச்சுத் திணறி, முகம் வீங்கி, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். பெரும்பாலும் முதல் 10, 20 தடவைகளுக்குள். ஆகவே அந்தத் தடவைகள் எல்லாம் அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போட வேண்டும். பாதையைப் பிடித்து, பஸ் பிடித்து, ரயிலில் இரவெல்லாம் இருந்து போன எங்களுக்கு அது பெரும் சோதனை. இன்றைக்கு யோசித்தால் அந்தப் பிடிவாதத்துக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தத் தடவைகள் முடிந்த பிறகு, வீட்டில் மருந்து போட ஒரு தாதி எனக்குப் பழக்கினார். அம்மாவின் கண் மங்கத் தொடங்கியிருந்தது, அப்பாவின் கை நடுங்கும். நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குசினி மேசையில் அதைச் செய்த முறையை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேசையை ஸ்பிரிட்டால் துடை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவு, துவாயில் துடைக்காதே, காற்றில் உலரவிடு. இரண்டு குப்பியையும் குளிர் போகும்வரை வெளியில் வை. சுடுதண்ணீரில் போடாதே. பெயரைப் படி, ஒன்பது என்று பார், யூனிட்டைப் பார், காலாவதித் திகதியைப் பார். றப்பர் மூடியைத் துடைத்து உலரவிடு. ஊசியின் ஒரு முனையை முதலில் தண்ணீர்க் குப்பியில் குத்து. பிறகு கவிழ்த்து மறுமுனையைத் தூள் குப்பியில் இறக்கு. தூள் குப்பிக்குள் காற்று உறிஞ்சப்பட்டிருப்பதால் தண்ணீர் தானாகவே இழுபட்டு இறங்கும். அந்தச் சீறல் சத்தம் கேட்டால் குப்பி நல்ல குப்பி.

குலுக்கக்கூடாது. அதைத்தான் அந்தத் தாதி திரும்பத் திரும்பச் சொன்னார். “இது புரதம் தங்கச்சி. நுரைச்சுதெண்டா பழுதாப் போகும். உள்ளங்கைக்குள்ள வைச்சு மெதுவாச் சுத்து.” தண்ணீர் தெளிந்து, துகள் ஒன்றும் மிதக்காமல் இருந்தால் வடிகட்டி உள்ள ஊசியால் சிரிஞ்சுக்குள் இழுப்பேன். கரைத்தால் மூன்று மணித்தியாலத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிறகு பட்டர்பிளை ஊசி. தம்பி கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வான். மேற்கையில் கட்டுப் போட்டதும் முழங்கை மடிப்பில் நாளம் எழும்பும். குழாயில் இரத்தம் எட்டிப்பார்த்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு, நிமிடக் கணக்குப் பார்த்து மெதுவாக உள்ளே விடுவேன். சிரிஞ்சுக்குள் இரத்தம் திரும்ப வரவிடக்கூடாது, அங்கேயே உறைந்துவிடும். ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துவேன், தேய்ப்பதில்லை. ஊசிகள் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போகும், கிளினிக்குக்குப் போகும் நாளில் எரிக்கக் கொடுப்போம். குப்பியின் ஸ்ரிக்கரை உரித்துக் கொப்பியில் ஒட்டுவேன்: திகதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட், தொகுதி இலக்கம்.

அந்தத் தொகுதி இலக்கம் எதற்கென்று ஆரம்பத்தில் தெரியாது. பிறகுதான் வாசித்தேன். 1980களில் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து செய்த மருந்தின் வழியே எச்ஐவியும் ஈரல் அழற்சி வைரஸ்களும் உலகெங்கும் இந்த நோயாளிகளுக்குள் போயின. ஸ்டீபன் கிறிஸ்மஸும் இரத்தத்தின் வழியாக எச்ஐவி தொற்றி 1993 இல் எயிட்ஸால் இறந்துபோனார். இன்றைய மருந்து வெப்பத்தாலும் வேறு முறைகளாலும் வைரஸ் நீக்கப்பட்டது. மனித இரத்தமே சேராமல் ஆய்வுகூடக் கலங்களில் செய்யப்படும் வகையும் உண்டு. ஆனாலும் ஏதும் நேர்ந்தால் எந்தக் குப்பி என்று பின்னோக்கிப் போக அந்த இலக்கம் வேண்டும். எத்தனையோ பேர் செத்ததால் வந்த ஒழுங்கு அது. ஸ்ரிக்கரை நான் ஒருபோதும் எறிந்ததில்லை.

2007 மார்ச்சில் போரால் படுவான்கரை இடம்பெயர்ந்தபோது நாங்கள் எடுத்துப் போனவற்றில் ஒரு ரெஜிபோம் பெட்டியும் இருந்தது. மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். ஆனால் உறையவிடக்கூடாது, உறைந்தால் பழுது. அதனால் ஐஸ் கட்டி குப்பியில் படாமல் நடுவில் துவாய். சோதனையில் அதைத் திறந்து பார்த்த ஒருவருக்குக் கிளினிக் கொப்பியைக் காட்டினேன். கொழும்பு முத்திரையைப் பார்த்துவிட்டு மூடித் தந்தார். முகாமில் ஐஸ் இல்லை. அப்போதுதான் குப்பியோடு வரும் தாளை முழுவதும் படித்தேன். குறிப்பிட்ட மாதங்களுக்குச் சில மருந்தை அறை வெப்பத்திலும் வைக்கலாம். வெளியே எடுத்த திகதியைப் பெட்டியில் எழுத வேண்டும், திரும்பக் குளிரில் வைக்கக்கூடாது. எத்தனை பாகை, எத்தனை மாதம் என்பது ஒவ்வொரு கம்பனிக்கும் வேறு. 2022 இல் நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனபோது எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள் படித்த பழக்கம்.

மருந்து மாறி மாறித்தான் வரும். அரசாங்கம் வாங்குவது ஒன்று, கொடையாக வருவது வேறொன்று. 1963 இல் பிராங்க் ஷ்னாபல் என்ற ஹீமோபீலியா நோயாளி தொடங்கிய உலக ஹீமோபீலியா சம்மேளனம், வறிய நாடுகளுக்கு மருந்து கொடுக்கிறது. அவர் பிறந்த ஏப்ரல் 17தான் உலக ஹீமோபீலியா தினம். 2014 இல் பயோஜென் ஐடெக், சோபி கம்பனிகள் பெருந்தொகை யூனிட் தருவதாக அறிவித்த பிறகு, நீண்டநேரம் நிற்கும் வகைகளும் அந்தக் கொடையில் சேர்ந்தன. அப்படியான ஒன்பது பாதியாக 80 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். பழைய நினைவில் தினமும் போட்டால் அளவு மீறிவிடும். கூடப் போட்டால் கூட நல்லது என்றில்லை, உறையக்கூடாத இடத்தில் இரத்தம் உறையலாம். கெண்டைக்கால் வீங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வழமையான அளவு போட்டும் கசிவு அடங்காவிட்டால் இன்ஹிபிற்றர் பார்க்க வேண்டும், இன்னும் இரண்டு குப்பியை உடைப்பதல்ல வழி. தலையில் அடிபட்டால் மட்டும் இந்த யோசனைகள் எதுவும் கிடையாது. முதலில் மருந்து, பிறகு ஓட்டோ, பிறகுதான் ஸ்கான். பனடோல் கொடுக்கலாம். டிஸ்பிரினும் புரூபனும் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். ஊரே பார்க்கப் போனது. அம்மா பாலத்தின் நடுவில் நின்று கீழே பழைய பாதை ஓடிய தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியபிள்ளையான நாள்தொட்டு எனக்கு மாதவிடாய் பத்து நாள் போகும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தான் என்று அம்மம்மா சொன்னார். உடம்பு வெளிறி, பள்ளிக்கூடத்தில் இரண்டுமுறை மயங்கி விழுந்தேன். இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். தம்பிக்காக அத்தனை கிளினிக் ஏறி இறங்கியும், என்னுடைய ஒன்பதை யாரும் அளக்கவில்லை. ஏனென்றால் இது ஆண்பிள்ளைகளின் நோய், பெண்கள் காவுபவர்கள் மட்டும். கலியாணமாகி வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான் ஒரு பெண் மருத்துவர் கேட்டு அளந்தார்கள். 31 வீதம். 40க்குக் குறைந்தால் பெண்ணையும் இலேசான ஹீமோபீலியா உள்ளவர் என்றே இன்று வகைப்படுத்துகிறார்கள்.

எட்டாம் காரணி கர்ப்ப காலத்தில் தானாக ஏறும். ஒன்பது பெரிதாக ஏறாது. அதனால் பிள்ளைப்பேற்றுக்கு முன்பே எனக்கும் அந்த வெள்ளைத் தூளை ஒதுக்கிவைத்தார்கள். முதுகில் ஊசி போடுவதா என்பதை முன்கூட்டியே முடிவெடுத்தார்கள். வக்கியூமோ ஆயுதமோ போட்டுப் பிள்ளையின் தலையை இழுக்கக்கூடாது என்று கட்டில் சீட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்தார்கள். மகன். அவனுக்கு நோய் இல்லை. அன்று மாலை எனக்கு நாளத்தில் மருந்து ஏற்றியது என் தம்பி. இத்தனை காலமும் தனக்கு ஏற்றியவளுக்கு ஏற்றுகிறோம் என்று அவன் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற தாதி அவனையே செய்யவிட்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, ஏ வகை நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த மூலக்கலங்களில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றியது. அதற்குப் பிறகு அவர்களுக்கு இரத்தக்கசிவே ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அதைக் கேட்டு அழுதவர்களில் தம்பியும் ஒருவன். அவனுக்கு அது பொருந்தாது, அவன் ஒன்பது. ஆனால் ஒன்பதுக்கும் மரபணுச் சிகிச்சை 2022 முதல் மேல்நாடுகளில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அது எங்கள் வாவிக்கரைக்கு வரும்வரை குப்பியும் ஊசியும் கொப்பியும்தான்.

இந்த நோயுள்ள பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு என் வேண்டுகோள் இது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எட்டா ஒன்பதா, எத்தனை வீதம், இன்ஹிபிற்றர் உண்டா, பிள்ளையின் நிறை எவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பேசப் பழகும் வயதிலேயே அந்த எண்ணைப் பிள்ளையின் வாயிலும் போட்டுவிடுங்கள். அதே வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கும் தனியாக ஒரு கொப்பி போடுங்கள். கலியாணம் பேசும்வரை காத்திராமல், அவள் பெரியபிள்ளையாவதற்கு முன்பே அவளுடைய காரணி அளவையும் அளந்து தரச் சொல்லி டொக்டரைக் கேளுங்கள்.